லேசிக்: ஒரு மையம் செய்யலாம் என்கிறது, இன்னொன்று கூடாது என்கிறது. யாரை நம்புவது?

கொங்குமலர் (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். வயது 24. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணாடி அணிகிறேன். இப்போது இரண்டு கண்ணிலும் மைனஸ் 6.5, சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் கூடும் பவர்) மைனஸ் 1.25. இரண்டு வருடங்களாகப் பவர் ஏறவில்லை.

வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். தடித்த கண்ணாடி தெரியாமல் புகைப்படம் எடுக்கச் சொன்னார் தரகர். அதிலிருந்து அம்மா "லேசர் செய்துவிடு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். கண்ணாடி போய்விட்டால் எனக்கும் நிம்மதிதான்.

முதலில் போன மையத்தில் அரை மணி நேரத்தில் பரிசோதனையை முடித்துவிட்டு, "'ஸ்மைல்' என்ற லேசர் முறையில் செய்யலாம், இந்த வாரமே முன்பணம் கட்டினால் சலுகை உண்டு" என்றார்கள். இரண்டாவது மருத்துவமனையில் கண்ணை விரியவைக்கும் சொட்டு மருந்து விட்டு, ஏதேதோ ஸ்கேன்கள் எடுத்து, பாதி நாள் உட்காரவைத்தார்கள். கடைசியில் "உங்களுக்கு லேசர் வேண்டாம். தேவையென்றால் கண்ணுக்குள் ஐ.சி.எல். லென்ஸ் வைக்கலாம்" என்றார்கள். அதற்குச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பணத்துக்காகத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்பது அப்பாவின் கருத்து.

கருவிழியின் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலம்) தடிமன் வலது 492, இடது 488 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று அறிக்கையில் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

செந்தில்குமரன் (சேலம்)

சகோதரி, பயப்பட வேண்டாம். நான் மைனஸ் 4-இல் லேசிக் செய்துகொண்டேன். கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டார்கள். ஒரு கண்ணுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை எழுந்ததும் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்தேன், கண்ணாடி இல்லாமல். ஆண்டுகள் கடந்துவிட்டன, இன்றும் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. என் வாழ்க்கையில் செய்த மிக நல்ல செலவு அதுதான் என்று யாரிடமும் சொல்வேன். ஸ்மைல் அதைவிடப் புதிய முறை. செய்யலாம் என்று மருத்துவரே சொல்லும்போது ஏன் தயங்க வேண்டும்?

---

விழியாளன்

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வைப் பரிசோதகர். அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைகள் செய்வதுதான் என் அன்றாட வேலை. நீங்கள் தந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். முடிவு சொல்ல வேண்டியவர் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான்.

லேசிக்கில் கருவிழியின் மேல் ஒரு மெல்லிய மூடியை வெட்டித் திறப்பார்கள். அதன் தடிமன் சுமார் 110 மைக்ரான். பிறகு அடியில் உள்ள திசுவை லேசர் செதுக்கும். எவ்வளவு செதுக்க வேண்டும் என்பதற்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு. சிகிச்சை வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை மூன்றால் வகுத்தால், ஒரு பவருக்கு எத்தனை மைக்ரான் போகும் என்று கிடைக்கும். விட்டம் 6.5 என்றால் ஏறக்குறைய 14 மைக்ரான்.

உங்களுக்குப் பவரும் சிலிண்டரும் சேர்ந்து ஒரு திசையில் 7.75 வருகிறது. அதாவது 108 மைக்ரான் அளவுக்குச் செதுக்க வேண்டும். இடது கண்ணில் 488-இலிருந்து மூடிக்கு 110, செதுக்கலுக்கு 108 கழித்தால் மிச்சம் 270.

குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய எல்லை. இன்று பல மருத்துவர்கள் 300-க்குக் கீழே இறங்கத் தயங்குகிறார்கள். இன்னொரு கணக்கும் பார்ப்பார்கள். மூடியும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிமனில் எத்தனை சதவீதம் கலைக்கப்படுகிறது என்பது அது. 40 சதவீதத்தை எட்டினாலே எச்சரிக்கை. உங்களுக்கு 44-ஐத் தாண்டுகிறது.

ஸ்மைலில் மூடி கிடையாது. இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் வரையான சிறு கீறல் வழியாக, உள்ளே வெட்டப்பட்ட வில்லையை உருவி எடுப்பார்கள். மேல்பரப்பின் நார்கள் பெரும்பாலும் அறுபடாமல் இருப்பது அதன் பலம். ஆனால் வில்லை கிழியாமல் வெளியே வர அதன் விளிம்புக்கும் கொஞ்சம் தடிமன் வேண்டும். அதனால் அதே பவருக்கு லேசிக்கைவிடச் சற்று அதிகத் திசு போகும். ஆகவே "ஸ்மைல் புதிய முறை, மெல்லிய கருவிழிக்கும் சரி" என்று யாராவது சொன்னால், மிச்சம் எவ்வளவு என்று எண்ணாகக் கேளுங்கள்.

---

மதுரை மீனாள்

விழியாளன் சொன்ன கணக்கில் மூடிதான் 110 மைக்ரானைத் தின்கிறது. அப்படியானால் பி.ஆர்.கே. செய்யலாமே? எனக்கு அதுதான் செய்தார்கள். மூடி வெட்டாமல், மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு நேரடியாக லேசர் அடிப்பார்கள். புதுத்தோல் வளரும்வரை கண்ணில் கட்டுப்போல ஒரு கான்டாக்ட் லென்ஸ் போட்டிருப்பார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், வலி உண்டு. முதல் சில நாட்கள் கண்ணில் மிளகாய்த்தூள் பட்டதுபோல எரியும், நீர் கொட்டும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. பார்வை முழுதாகத் தெளியவும் வாரக்கணக்காகும். ஆனால் பிற்காலத்தில் மூடி நழுவுமோ என்ற பயமே கிடையாது. என் மகன் மேலே விழுந்து விளையாடும்போது அந்த நிம்மதி எனக்குத் தெரிகிறது.

---

விழியாளன்

மீனாள் அக்கா சொல்வது நியாயமான கேள்வி. பி.ஆர்.கே. என்றால் மேல்தோல் 50 மைக்ரான் போக, மிச்சம் 330 வரும். தடிமன் கணக்கு சரியாகிவிடும். ஆனால் ஆறேழு பவரைப் பி.ஆர்.கே. முறையில் எடுத்தால் கருவிழியில் மங்கலான தழும்பு படர வாய்ப்பு கூடும். அதைத் தடுக்க மைட்டோமைசின் மருந்தை அந்த இடத்திலேயே வைப்பார்கள், மாதக்கணக்கில் சொட்டு மருந்தும் தருவார்கள்.

எனக்கு உண்மையில் உறுத்துவது தடிமன் அல்ல. 492, 488 என்பதற்காக மட்டும் "லேசரே வேண்டாம்" என்று ஒரு மருத்துவமனை சொல்லியிருக்காது. மலர், இரண்டாவது இடத்தில் பென்டகாம் ஸ்கேன் எடுத்தார்களா? நிறம் நிறமாக வட்ட வரைபடம் இருக்கும். அதன் கீழே என்ன எழுதியிருக்கிறது? இன்னொன்று, உங்களுக்குக் கண் அரிப்பு உண்டா? கசக்குவீர்களா?

---

கொங்குமலர்

ஆமாம் அண்ணா. சிறு வயதிலிருந்தே தூசு ஒவ்வாமை. பஞ்சுத்தூசு உள்ள தளத்துக்குப் போய்வந்தால் கசக்காமல் இருக்க முடியாது. இரவில் தூங்கும்போதும் கசக்குவதாக அம்மா சொல்வார். முதல் மையத்தில் இதை யாரும் கேட்கவில்லை.

அறிக்கையைத் தேடி எடுத்தேன். இடது கண் வரைபடத்தில் கீழ்ப்பாதியில் சிவப்பும் ஆரஞ்சும் அதிகமாக இருக்கின்றன. "கீழ்ப்பகுதி வளைவு கூடுதல், கெரட்டோகோனஸ் ஐயம், ஆறு மாதத்தில் மறு ஸ்கேன்" என்பதுதான் கையால் எழுதியிருப்பதன் பொருள் என்று உடன் வேலை செய்பவர் ஒருவர் சொன்னார். அதை எங்களிடம் விளக்கியிருந்தால் அப்பா சந்தேகப்பட்டிருக்க மாட்டார்.

---

விழியாளன்

இப்போது தெளிவாகிவிட்டது. இரண்டாவது மருத்துவமனை உங்களுக்குச் செய்தது பெரிய உதவி.

கெரட்டோகோனஸ் என்பது கருவிழி மெலிந்து, கூம்பைப் போல முன்னே பிதுங்கும் நோய். பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். கண்ணைக் கசக்கும் பழக்கத்துக்கும் அதற்கும் வலுவான தொடர்பு உண்டு. ஆரம்ப நிலையில் கண்ணாடி போட்டால் பார்வை நன்றாகவே தெரியும், அதனால் கண்ணாடிக் கடைப் பரிசோதனையில் அது சிக்காது. கருவிழியின் முன்பரப்பு, பின்பரப்பு இரண்டையும் வரையும் ஸ்கேனில்தான் தெரியும்.

ஏற்கெனவே பலவீனமான கருவிழியில் இன்னும் கொஞ்சம் செதுக்கி எடுத்துவிட்டால், கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் அதை வெளியே தள்ளத் தொடங்கும். இதை எக்டேசியா என்பார்கள். மாதங்கள் கழித்தும் வரலாம், ஆண்டுகள் கழித்தும் வரலாம். வந்தால் பவரும் சிலிண்டரும் தாறுமாறாக ஏறும், சாதாரணக் கண்ணாடியால் சரிசெய்ய முடியாது. தனி வகைக் கான்டாக்ட் லென்ஸ் தேவைப்படும். மிக முற்றினால் கருவிழி மாற்று அறுவை வரை போகும். எடுத்த திசு திரும்ப வளராது.

உங்களுக்கு நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஐயம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஐயம் இருக்கும்போது கருவிழியைத் தொடக்கூடாது என்பதே விதி. ஆறு மாதம் கழித்து அதே இயந்திரத்தில் மீண்டும் ஸ்கேன் எடுத்து ஒப்பிடுவார்கள். வளர்ந்திருந்தால், ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின் சொட்டு மருந்தை விட்டுப் புற ஊதா ஒளி பாய்ச்சி, கருவிழி நார்களை இறுக்கும் சிகிச்சை இருக்கிறது. கிராஸ்லிங்கிங் என்பது அதன் பெயர். நோய் மேலும் வளராமல் நிறுத்துவதற்கு அது.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வாமைக்கு முறையான சொட்டு மருந்து வாங்கிக் கசக்குவதை நிறுத்துங்கள். அரித்தால் மூடிய இமைமேல் குளிர்ந்த துணி வையுங்கள்.

---

செந்தில்குமரன்

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. இப்படிப் பட்டியல் போட்டுப் பயமுறுத்தினால் தகுதி உள்ளவர்களும் ஓடிவிடுவார்கள். உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கண்களில் செய்த சிகிச்சை இது. மழையில் கண்ணாடி நனைந்து, ஹெல்மெட்டுக்குள் ஆவி படிந்து, எதிரே வரும் லாரி தெரியாமல் பைக் ஓட்டியவனுக்குத்தான் அந்த விடுதலையின் அருமை தெரியும். அதையும் சொல்லுங்கள்.

---

விழியாளன்

உங்கள் அனுபவம் உண்மை, செந்தில். மைனஸ் 4, சீரான கருவிழி என்றால் நானே தைரியமாகச் செய்துகொள்ளச் சொல்வேன். என் தங்கைக்குச் சொல்லியும் இருக்கிறேன். உங்களுக்கு நன்றாக அமைந்ததற்குக் காரணமே, நீங்கள் சரியான ஆளாக இருந்ததுதான். அந்தத் தேர்வு லேசர் அறைக்குப் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மலருக்கு முதல் மையம் அந்தத் தேர்வைச் செய்யவில்லை என்பதே என் கோபம்.

---

தேனி ராஜா

நான் இரவில் வண்டி ஓட்டுகிறவன். லேசிக் செய்துகொண்ட பிறகு பகலில் எந்தக் குறையும் இல்லை. இரவில் எதிரே வரும் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிந்தது, ஒளி சிதறி நட்சத்திரம் போல நீண்டது. குமுளி மலைப்பாதையில் முதல் சில மாதங்கள் ஓட்டவே மனம் வரவில்லை. பின்னர் பெருமளவு குறைந்துவிட்டது, முழுதாகப் போகவில்லை. இருட்டில் கண்மணி பெரிதாக விரிகிறது, லேசர் செதுக்கிய வட்டத்தின் விளிம்பையும் தாண்டி ஒளி உள்ளே வருகிறது என்று மருத்துவர் பிற்பாடு விளக்கினார். இதை முன்பே சொல்லியிருந்தாலும் நான் செய்திருப்பேன். ஆனால் சொல்லியிருக்க வேண்டும்.

அதோடு கண் வறட்சி. ஏசி வண்டியில் சொட்டு மருந்து இல்லாமல் ஏறுவதில்லை.

---

மதுரை மீனாள்

ராஜா அண்ணன் சொன்னதற்கு அளவீடே இருக்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., தேசியக் கண் நிறுவனத்துடனும் பாதுகாப்புத் துறையுடனும் சேர்ந்து 'பிரௌல்' என்ற ஆய்வை நடத்தியது. முடிவுகள் 2017-இல் மருத்துவ இதழில் வந்தன. பார்வையில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் திருப்தி என்றார்கள். அதே ஆய்வில், முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை, மூன்று மாதம் கழித்து வளையமோ கூச்சமோ இரட்டைப் பிம்பமோ ஏதாவது ஒன்று புதிதாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். வறட்சி இல்லாதவர்களில் 30 சதவீதம் வரை புதிதாக வறட்சி. அன்றாட வேலையே கெடும் அளவுக்குத் துன்பப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

செந்திலும் சரி, ராஜா அண்ணனும் சரி, இருவரும் சொல்வது ஒரே ஆய்வுக்குள் அடங்குகிறது பாருங்கள். கருவிழியின் நரம்புகள் அறுபடுவதால்தான் வறட்சி வருகிறது. நரம்பு வளர ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும். நாள் முழுதும் கணினி பார்ப்பவர்கள் தங்களுக்கு ஏற்கெனவே வறட்சி இருக்கிறதா என்று முதலிலேயே பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

---

இயற்பியல் வாத்தியார் (ஓய்வு)

இந்த லேசரின் கதையில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார் என்பது இங்கே பலருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். ரங்கசாமி ஸ்ரீனிவாசன். சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்துக்குப் போனவர்.

1981 நவம்பர். அமெரிக்கர்களின் நன்றியறிதல் நாள் விருந்துக்கு மறுநாள், மிஞ்சிய வான்கோழிக் கறியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசரை அதன்மேல் பாய்ச்சினார். ஓரங்கள் கருகவே இல்லை. சீராக, கூராக, வரைகோல் வைத்து வெட்டியதுபோலப் பள்ளம் விழுந்தது. ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவரும் அவருடைய கூட்டாளிகள். பச்சை நிற லேசரால் வெட்டிப் பார்த்தபோது திசு கருகியது.

காரணம் இதுதான். அந்தப் புற ஊதா ஒளியின் ஒவ்வொரு துகளும் மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுக்கும் ஆற்றல் கொண்டது. பரப்பின் மிக மெல்லிய அடுக்கிலேயே ஒளி முழுதும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அறுபட்ட துகள்கள் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு பறந்துவிடுகின்றன, கீழே இருக்கும் திசுவுக்குச் சூடு போவதில்லை. ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் அளவுதான் போகும். விழியாளன் மேலே போட்ட கணக்கு இந்தத் துல்லியத்தால்தான் சாத்தியமாகிறது. சிகிச்சையின்போது வரும் வாடையைக் "கண் எரிகிற வாடை" என்று சிலர் பயப்படுவார்கள். எரிவதில்லை.

1983-இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கல் ஸ்ரீனிவாசனுடன் சேர்ந்து கருவிழியில் இதைச் சோதித்தார். 1988-இல் மார்கரெட் மெக்டொனால்ட் பார்வையுள்ள கண்ணில் முதல் பி.ஆர்.கே. செய்தார். மூடி வெட்டி உள்ளே லேசர் செலுத்தும் முறையைக் கிரீஸில் பல்லிகாரிஸ் செய்து காட்டினார். ஸ்ரீனிவாசனும் கூட்டாளிகளும் 2013-இல் ஒபாமாவின் கையால் தேசிய தொழில்நுட்பப் பதக்கம் பெற்றார்கள். நம் பாடநூல்களில் அவர் பெயர் ஒரு வரியாவது வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

---

இலக்கியன்_22

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். ரயில்வே தேர்வுக்கும், ராணுவ அதிகாரிப் பணிக்கான சி.டி.எஸ். தேர்வுக்கும் படிக்கிறேன். மைனஸ் 2.5. லேசிக் செய்தால் மருத்துவத் தகுதி கிடைத்துவிடும் என்று பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். உண்மையா?

---

விழியாளன்

தம்பி, இது அவசரப்பட்டுச் செய்யக்கூடாத காரியம். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் போன்ற பணிகளுக்கு லேசிக் செய்தவர்களை எடுப்பதே இல்லை. செய்துவிட்டால் அந்தக் கதவு நிரந்தரமாக மூடிவிடும். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப்பில் பார்த்தால் மூடியின் விளிம்புத் தழும்பு தெரியும், ஸ்கேனில் கருவிழி தட்டையாகியிருப்பதும் தெரியும். மறைக்க முடியாது.

ராணுவ அதிகாரிப் பணிக்குச் சி.டி.எஸ். வழியில் நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. இருபது வயதுக்குப் பிறகு செய்திருக்க வேண்டும், செய்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையக்கூடாது, கண்ணின் நீளம் 26 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, மிச்சப் பவர் ஒன்றுக்குள் இருக்க வேண்டும். விமானப்படை இதைவிடக் கண்டிப்பு. இந்த ஆண்டின் அறிவிக்கையில் மருத்துவப் பகுதியைச் சொல்லுக்குச் சொல் படித்துவிட்டு, எந்த வேலை முதல் விருப்பம் என்று முடிவுசெய்த பிறகு கண்ணில் கைவையுங்கள்.

---

சரசுவதி அம்மாள் (ஈரோடு)

மலர், நான் உன் அம்மா வயதுக்காரி. உன் முதல் பதிவைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. கண்ணாடி தெரியாமல் படம் எடுக்கச் சொன்னவர் நாளைக்கு வேறு எதையாவது மறைக்கச் சொல்வார். உன் அம்மாவின் கவலையும் எனக்குப் புரிகிறது. என் மூத்தவளுக்கு அலைந்தபோது நானும் அதே பேச்சுகளைக் கேட்டேன். ஆனால் 24 வயதில் ஒரு பெண் தன் கண்ணைப் பணயம் வைத்துத்தான் ஒரு வீட்டுக்குள் போக வேண்டுமென்றால், அந்த வீடு வேண்டாம்.

கண்ணாடியோடு நன்றாகப் படம் எடுத்துக் கொடு. லென்ஸ் தடிமனாகத் தெரிவதுதான் பிரச்சினை என்றால் மெல்லிய வகை லென்ஸ் இருக்கிறதே, சிறிய சட்டத்தில் போட்டால் தெரியவே தெரியாது.

---

விழியாளன்

சரசுவதி அம்மாள் சொன்னதோடு இதையும் உன் வீட்டில் சொல், மலர். மைனஸ் பவர் பெரும்பாலும் கண் நீளமாக வளர்ந்துவிடுவதால் வருவது. லேசர் கருவிழியின் வளைவை மட்டுமே மாற்றுகிறது. உள்ளே நீளம் அப்படியேதான் இருக்கும், நீட்டப்பட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியே இருக்கும். கண்ணாடி போன பிறகும், விழித்திரை கிழிந்து விலகும் ஆபத்து மைனஸ் 6-க்காரருக்கு உள்ளதுபோலவே தொடரும். வருடத்துக்கு ஒரு முறை கண்ணை விரியவைத்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். மின்னல் வெட்டுவதுபோல ஒளி, திடீரெனக் கரும்புள்ளிகள், திரை விழுந்ததுபோல மறைப்பு என்றால் அன்றே ஓட வேண்டும். லேசிக் செய்துகொண்டவர்களில் பலர் "எனக்குத்தான் பவரே இல்லையே" என்று பரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். என்னை இரவில் தூங்கவிடாத விஷயம் இது. பிள்ளைகளுக்குப் பரம்பரையாகப் போகும் வாய்ப்பும் லேசரால் குறையாது.

---

மதுரை மீனாள்

காப்பீடு பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுக் காப்பீட்டு ஒழுங்குமுறைப்படி, 7.5 பவருக்குக் குறைந்த பார்வைக் குறையைச் சரிசெய்யும் சிகிச்சைக்கு நிறுவனங்கள் பணம் தர வேண்டியதில்லை. அதற்கு மேல் என்றாலும் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். நான் முழுக்கக் கைக்காசுதான் கொடுத்தேன்.

---

கண்ணப்பன்_43

நாற்பதைத் தாண்டியவர்கள் செய்துகொள்ளலாமா? மைனஸ் 3. கண்ணாடியைக் கழற்றினால்தான் செய்தித்தாள் படிக்க முடிகிறது.

---

விழியாளன்

ஐயா, உங்களுக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. இப்போது கண்ணாடியைக் கழற்றிப் படிக்கிறீர்களே, அந்த வசதி மைனஸ் 3 தரும் கொடை. இரண்டு கண்ணையும் தூரத்துக்குச் சரிசெய்துவிட்டால் படிக்கக் கண்ணாடி கட்டாயமாகிவிடும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் அமைக்கும் முறை உண்டு. எல்லா மூளைக்கும் அது பிடிக்காது. முதலில் கான்டாக்ட் லென்ஸில் அதே அமைப்பைச் சில வாரம் போட்டு வாழ்ந்து பாருங்கள்.

---

கொங்குமலர்

எல்லோருக்கும் நன்றி. மூன்றாவது கருத்துக்காக அறக்கட்டளை நடத்தும் கண் மருத்துவமனை ஒன்றுக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். இரண்டு ஸ்கேன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த மருத்துவர் அப்பாவுக்கே விளக்கினார். இடது கண்ணில் ஆரம்ப அறிகுறி இருக்கிறது, லேசர் எந்த வகையும் கூடாது என்று உறுதியாகச் சொன்னார். ஒவ்வாமைக்கு மருந்து தந்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். மாற்றம் இல்லாமல் நிலைத்து நின்றால் ஐ.சி.எல். பற்றிப் பேசலாம் என்றார். கண்ணின் முன்னறை ஆழம் போதுமான அளவு இருக்கிறதாம். அதைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்பா திரும்பி வரும் வழியில் முதல் மையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டார். பதில் இல்லை.

---

விழியாளன்

மிக நல்ல செய்தி. ஐ.சி.எல். என்பது ஐரிஸ் என்ற நிற வளையத்துக்குப் பின்னால், இயற்கை லென்ஸுக்கு முன்னால் பொருத்தும் மெல்லிய லென்ஸ். கருவிழியைச் செதுக்குவதில்லை, வேண்டாம் என்றால் வெளியே எடுத்துவிடலாம். ஆனாலும் அது கண்ணுக்குள் செய்யும் அறுவை. கிருமித்தொற்று அரிது, வந்தால் கடுமை. லென்ஸின் அளவு பொருந்தாவிட்டால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரை முன்கூட்டியே வரலாம். இப்போதைய வகையில் நடுவில் சிறு துளை வைத்திருப்பதால் கண்ணின் நீரோட்டம் தடைப்படுவதில்லை. கருவிழியின் உள்பக்கச் செல்கள் மறுபடி வளராதவை. அவற்றின் எண்ணிக்கையை அறுவைக்கு முன்பும், பின்பு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். ஸ்கேன் நிலைத்து நிற்கிறது என்று இரண்டு மூன்று முறை உறுதியான பிறகே யோசியுங்கள்.

---

பாலமுருகன் (தஞ்சாவூர்)

பழைய இழைதான், ஆனாலும் இங்கேதான் பதில் கிடைக்கும் என்று கேட்கிறேன். என் அண்ணன் 2003-இல் லேசிக் செய்தவர். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார், கண்புரை என்கிறார்கள். லேசிக் செய்த விவரத்தைச் சொன்னதும் பழைய அறிக்கைகளைக் கேட்கிறார்கள். எதுவும் கையில் இல்லை. செய்த இடமும் மூடிவிட்டார்கள். என்ன செய்வது?

---

விழியாளன்

அவர் அதைச் சொன்னதே நல்லது. கண்புரை அறுவையில் வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். லேசிக் செய்த கருவிழியை இயந்திரம் தவறாக அளக்கும். வழக்கமான சூத்திரத்தைப் போட்டால் குறைந்த பவர் லென்ஸ் வைத்துவிட நேரும், மைனஸாக இருந்தவர் பிளஸ் கண்ணோடு வெளியே வருவார். கண் அழுத்தத்தையும் மெலிந்த கருவிழி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், அதையும் நினைவூட்டுங்கள்.

அறிக்கை இல்லாவிட்டாலும் வழி உண்டு. பழைய விவரம் இல்லாமலே கணக்கிடும் பாரெட் ட்ரூ-கே போன்ற சூத்திரங்கள் வந்துவிட்டன. அவற்றைப் பயன்படுத்தும் மருத்துவமனையாகப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சூத்திரங்களில் போட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். தூரம், கிட்டம் இரண்டுக்குமான பலமுனை லென்ஸ் வைக்கச் சொன்னால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம், லேசிக் கண்ணில் இரவு வளையம் கூடக்கூடும்.

லேசிக்குக்கு முன் அவர் போட்டிருந்த கண்ணாடி வீட்டில் எங்காவது கிடக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். லென்சோமீட்டரில் வைத்தால் அன்றைய பவர் வந்துவிடும். எந்தக் கண்ணாடிக் கடையிலும் அதை ஒரு நிமிடத்தில் பார்த்துத் தருவார்கள். அந்த எண்ணை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.